குத்தூசியும் கஞ்சிப் பசையும்: முஸ்ஹஃபைக் கட்டியவர்களின் கருவிகள்

நம் மஹல்லாப் பள்ளிவாசலின் சுவர் அலமாரியை ஒருமுறை நிதானமாகப் பார்ப்போம். ரமளானில் புதிதாக வந்து சேர்ந்த முஸ்ஹஃப்கள் முன்வரிசையில் பளபளப்புடன் நிற்கும். அவற்றின் பின்னால், முதுகு பிரிந்தவையும் அட்டை கழன்றவையும் சாய்ந்து கிடக்கும். சிலவற்றில் யாரோ ஒரு நல்ல உள்ளம் ஒட்டுநாடா சுற்றியிருக்கும். சில ஆண்டுகளில் அந்த நாடாவின் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கி, ஓரத்து எழுத்துகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பிறகு ஒருநாள் அவை கோணியில் கட்டப்பட்டு, மண்ணில் அடக்கம் செய்யப்படுகின்றன. தாள்களில் பழுதில்லை, எழுத்தில் மங்கலில்லை. தையல் அறுந்ததும் பசை விட்டதும் தவிர வேறு குறை இல்லாத பிரதிகள் அவற்றில் எத்தனையோ!

தோலால் பெயர் பெற்ற ஊர்கள் நம் சமுதாயத்துக்கு உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று சொன்னாலே தோல் வணிகம் நினைவுக்கு வரும். இருந்தும், பிரிந்துபோன ஒரு முஸ்ஹஃபைத் தோல் மூடி மறுபடி கட்டத் தெரிந்த கை ஒன்றை நம் தெருவில் தேடினால் கிடைப்பது அரிது. அந்தக் கலையைப் புதிதாகக் கற்க ஓர் இளைஞர் முன்வந்தால், முதலில் அவர் எதை வாங்க வேண்டும்? எந்தக் கத்தி, எந்த நூல், எந்தப் பசை, எந்தத் தோல்? இந்தக் கேள்விக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நூல் எழுதி விடை தந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மதீனாவிலிருந்து தொடங்குவதே முறை. அரேபியருடைய வாழ்வில் தோல் இல்லாத பொருள் குறைவு. தண்ணீர்த் துருத்தி, வாளி, கூடாரம், விரிப்பு, செருப்பு, கேடயம் எல்லாம் தோல். கால்நடைகளின் தோலிலிருந்து வீடுகள் அமைத்துக் கொடுத்ததை அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அந்-நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில் நினைவூட்டுகிறான். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் செருப்பைத் தாமே தைப்பார்கள், ஆடையைத் தைப்பார்கள் என்ற கருத்தில் அன்னையவர்கள் விடையளித்தார்கள். செருப்புத் தைக்க ஊசி வேண்டும், வார் வேண்டும், துளையிடும் குத்தூசி வேண்டும். அந்தக் கருவிகள் அகிலத்தின் அருட்கொடையாம் நபிகளாரின் இல்லத்தில் புழங்கியவை என்பதை நாம் ஏனோ நின்று யோசிப்பதில்லை.

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் வரலாறு இதைவிடத் தெளிவானது. அவர்கள் தோலைப் பதனிடுவார்கள், குத்தூசியால் துளையிட்டுத் தைப்பார்கள், கிடைக்கும் வருவாயை அல்லாஹ்வின் பாதையில் தர்மம் செய்வார்கள். தம் மனைவியரில் தமக்குப் பின் முதலில் தம்மை வந்து சேர்பவர் நீண்ட கையுடையவர் என்று நபி (ஸல்) அவர்கள் குறிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அன்னையர்கள் முதலில் தங்கள் கைகளை அளந்து பார்த்தார்கள். ஸைனப் (ரலி) அவர்கள் முதலில் மறைந்தபோதுதான், நீண்ட கை என்பது கையால் உழைத்து வாரி வழங்கிய கை என்று அவர்களுக்குப் புரிந்தது. இந்த ஹதீஸை ஜும்ஆ உரைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கை எந்தத் தொழிலைச் செய்த கை என்பதை உரையாற்றுவோர் பெரும்பாலும் சொல்லாமலே கடந்து விடுகிறார்கள்.

பதனிடும் பொருளைப் பற்றியும் ஹதீஸில் குறிப்பு உண்டு. செத்த ஆட்டை இழுத்துச் சென்றவர்களிடம், அதன் தோலை எடுத்துக்கொண்டிருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அது தானாகச் செத்தது என்று அவர்கள் சொன்னபோது, தண்ணீரும் ‘கரள்’ என்பதும் அதைத் தூய்மைப்படுத்தும் என்று விளக்கினார்கள். அபூதாவூதிலும் நஸாயீயிலும் இச்செய்தி வருகிறது. இந்தக் கரள் என்னவென்று தேடினால், நமக்கு அந்நியமான பொருளன்று. நம் ஊர்க் கண்மாய்க் கரைகளில் வளரும் கருவேல மரத்தின் காய்தான் அது. அதன் துவர்ப்புதான் தோலை அழுகாமல் காக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தமிழ்நாட்டில் செய்த வேலையை அரேபியாவில் கருவேலங்காய் செய்தது.

குர்ஆன் அருளப்பட்ட காலத்தில் அது எழுதி வைக்கப்பட்ட பொருள்களுள் தோல் துண்டுகளும் இருந்தன. பின்னர் தாள்கள் ஒன்றுசேர்ந்து நூல் வடிவம் பெற்றபோது, அதைச் சேர்த்துத் தைக்கவும் மேலுறையிட்டுக் காக்கவும் ஒரு தனித் தொழில் பிறந்தது. அரபியில் அதை ‘தஜ்லீத்’ என்றனர். ‘ஜில்த்’ என்றால் தோல். ஆகவே நூல் கட்டுதலுக்கே தோல் போர்த்துதல் என்றுதான் பெயர். மேற்கே அந்தலூஸிலும் மொரோக்கோவிலும் ‘தஸ்ஃபீர்’ என்ற சொல் வழங்கியது.

பக்தாதில் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் புகழ்பெற்ற ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலை எழுதிய இப்னு நதீம், தாமே நூல் வணிகர். ஆகவே அவருக்குத் தோலின் குணம் தெரிந்திருந்தது. முன்பு சுண்ணாம்பிட்டுப் பதப்படுத்திய தோல்கள் மிகவும் வறண்டிருந்தன என்றும், பிறகு கூஃபா நகரத்தார் பேரீச்சம்பழம் கொண்டு பதனிட்ட முறை வந்தபோது தோல் மென்மை பெற்றது என்றும் அவர் குறிப்பிடுகிறார். கலீஃபா மஃமூனின் நூலகத்தில் நூல் கட்டியவர் உட்படப் பல கட்டுநர்களின் பெயர்களையும் அறிஞர்களின் பெயர்களோடு சேர்த்தே பதிந்து வைத்திருக்கிறார். இன்றைய நம் நூல்களில் அச்சகத்தின் பெயர் இருக்கிறது. கட்டியவரின் பெயர் இருக்கிறதா?

அதே காலத்தில் வாழ்ந்த இன்னொருவரின் அனுபவம் நம் பொருளுக்கு நேராகவே வருகிறது. பைத்துல் முகத்தஸில் பிறந்த அல்-முகத்தஸீ, இஸ்லாமிய உலகின் நிலப்பகுதிகளைச் சுற்றிப் பார்த்து 985ஆம் ஆண்டளவில் நூலாக்கிய பெரும் புவியியலாளர். பயணச் செலவுக்காக அவர் செய்த தொழில்களுள் நூல் கட்டுதலும் ஒன்று. ஏமனில் ஏடனின் ஆட்சியாளர் ஒரு முஸ்ஹஃபைக் கட்டித் தருமாறு அவரிடம் அனுப்பினார். ஷாம் நாட்டில் நூல் கட்டுவோர் ‘அஷ்ராஸ்’ என்னும் கிழங்கு மாவுப் பசையைப் பயன்படுத்துவர். அவர் மருந்துக் கடைகளில் அதைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கடைத்தெருவைக் கண்காணிக்கும் முஹ்தஸிபிடம் போகச் சொன்னார்கள். முஹ்தஸிப் முதலில் அவருடைய ஊரைக் கேட்டார். ஃபலஸ்தீன் என்றதும், அது வளமான நாடு, இங்கே அப்படியொரு கிழங்கு இருந்தால் மக்கள் அதைத் தின்றுவிடுவார்கள், நீர் மாவுக் கஞ்சியையே பயன்படுத்தும் என்றார். ஏமன் மக்கள் நல்ல கட்டுமானத்தை விரும்பி, அதற்குத் தாராளமாகக் கூலியும் கொடுத்தனர். ஒரு முஸ்ஹஃபுக்கு இரண்டு தீனார்கூடத் தமக்குக் கிடைத்ததாக முகத்தஸீ எழுதுகிறார்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இந்தச் சிறு நிகழ்ச்சி புதிதாகத் தொழில் தொடங்கும் ஒவ்வொருவரின் அலைச்சலையும் அப்படியே காட்டுகிறது. புத்தகத்தில் படித்த பொருள் கடையில் இருக்காது. கடையில் இருப்பதை வைத்து வேலையை முடிக்கத் தெரிய வேண்டும். மைதாக் கஞ்சியும் அரிசிக் கஞ்சியும் உள்ள நாட்டில் நாம் வெளிநாட்டுப் பசையைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதை அந்த முஹ்தஸிப் நமக்கும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

மேற்கே துனீஸியாவின் கைரவான் நகரப் பெரும்பள்ளிவாசலில், 9ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்கும் நூற்கட்டுமானங்களின் பெருந்தொகுதி பாதுகாக்கப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. மிகப் பழையவை மரப்பலகையின்மேல் தோல் போர்த்தி, ஓரங்களில் தோல் சுவர் எழுப்பி, சிறு பெட்டிபோல் அமைந்தவை. அவ்வூரில் ஹிஜ்ரி 410ஆம் ஆண்டில், அதாவது 1020இல், ஸீரி அரச குடும்பத்தில் செவிலித் தாயாக இருந்த ஃபாத்திமா என்னும் பெண்மணி பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்த முஸ்ஹஃப் உலகப் புகழ்பெற்றது. அதை எழுதியவர், உயிர்க்குறி இட்டவர், பொன் பூசியவர், கட்டியவர் எல்லாம் ஒருவரே: அலீ இப்னு அஹ்மத் அல்-வர்ராக். அப்பணியை மேற்பார்த்தவர் துர்ரா என்னும் பெண் எழுத்தர். ஒரு செவிலித் தாய், ஒரு பெண் எழுத்தர், ஒரு கைவினைஞர் என இம்மூவரின் பெயர்களும் அந்த முஸ்ஹஃபிலேயே எழுதப்பட்டுள்ளன.

அந்தச் செவிலித் தாய் வாழ்ந்த அரசவையிலிருந்தே முதல் கையேடும் வந்தது. 1016 முதல் 1062 வரை ஆண்ட அல்-முஇஸ்ஸு இப்னு பாதீஸ் பெயரால் வழங்கும் ‘உம்ததுல் குத்தாப்’ என்னும் நூல் பேனா, மை, பொன்னெழுத்து ஆகியவற்றைப் பேசிவிட்டு, இறுதியில் நூற்கட்டுமானத்துக்கு வருகிறது. கருவிகளை எண்ணிச் சொல்கிறது: வழவழப்பான கல்பலகை, சாணைக்கல், கத்தி, குத்தூசி, கத்தரி, ஊசிகள், அடிக்கோல், கவராயம், அழுத்துப்பலகை, தாள் ஓரங்களைச் சீராக அரியும் ‘ஸைஃப்’ என்னும் நீண்ட வாள், தோலில் அலங்காரம் பதிக்கும் இரும்பு முத்திரைகள். அம்முத்திரைகளில் ஒன்றின் பெயர் ‘லவ்ஸா’, வாதுமைப் பருப்பு. இன்னொன்று வெறும் புள்ளி.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஸெவில் நகரில், அரபியர் இஷ்பீலியா என்றழைத்த ஊரில், பக்ர் இப்னு இப்ராஹீம் அல்-இஷ்பீலீ ‘கிதாபுத் தைஸீர் ஃபீ ஸினாஅத்தித் தஸ்ஃபீர்’ என்ற முழு நூலையே இக்கலைக்காக எழுதினார். 1184 முதல் 1199 வரை ஆண்ட அல்-முவஹ்ஹித் கலீஃபா யஅகூப் அல்-மன்ஸூருக்கு அது காணிக்கையாக்கப்பட்டது. ‘தைஸீர்’ என்றால் எளிதாக்குதல். நூல் கருவிகளில் தொடங்கிப் பசைகளுக்கு நகர்ந்து, பிறகே தையலுக்குப் போகிறது. முஸ்ஹஃபின் மேலுறைக்கு அவ்வரசவை எவ்வளவு மதிப்பளித்தது என்பதற்கு ஒரு சான்று போதும். உஸ்மான் (ரலி) அவர்களுடையதென நம்பப்பட்ட ஒரு முஸ்ஹஃப் குர்துபாவிலிருந்து மராகிஷுக்குக் கொண்டுவரப்பட்டபோது, கலீஃபா அப்துல் முஃமின் பொற்கொல்லர், தச்சர், நூல் கட்டுநர் எனப் பல துறைக் கைவினைஞரைத் திரட்டி அதற்கு உறையும் பேழையும் செய்வித்தார். மராகிஷின் குதுபிய்யா பள்ளிவாசலுக்கு அப்பெயர் வந்ததே அதைச் சுற்றியிருந்த நூல் வணிகரால்தான்.

இந்தக் கருவிகள் ஏன் இத்தனை, எதற்கு எது என்று ஒருமுறை செய்து பார்த்தால்தான் விளங்கும். கல்பலகையை எடுத்துக்கொள்வோம். அட்டையின் விளிம்பில் தோலை மடித்து ஒட்டும்போது, மடிப்புத் தடித்துத் துருத்தி நிற்கக்கூடாது. அதற்காகத் தோலின் உட்புற ஓரத்தைக் காகிதம்போல மெலிதாகச் சீவ வேண்டும். மரத்தின்மேல் வைத்துச் சீவினால் கத்தி மரத்தில் இறங்கும், தோல் கிழியும். கத்தி இறங்காத, சொரசொரப்பில்லாத தளம் சலவைக்கல். மழுங்கிய கத்தியால் சீவ முயன்றால் தோல் சுருண்டு அறுந்துபோகும். ஆகவேதான் கத்தியின் பக்கத்தில் சாணைக்கல் வருகிறது. குத்தூசி துளையிட, ஊசி நூல் கோக்க. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர் ஊசியை ஒடித்துக்கொள்வார். அழுத்துப்பலகையின் வேலை காத்திருத்தல். பசை ஈரம் காயும்வரை நூல் அதில் இறுகிக் கிடந்தால் அட்டை வளையாது. அவசரக்காரர் கட்டிய நூலை மேசையில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், இரு மூலைகளும் மேலே பார்க்கும்.

நூலிழை பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். முஸ்லிம் கட்டுநர்கள் தாள்களை மடித்த கட்டுகளைப் பெரும்பாலும் மெல்லிய பட்டிழையால், இரண்டே இடங்களில் துளையிட்டு, ஒவ்வொரு கட்டையும் முந்தைய கட்டின் தையலோடு சங்கிலிபோல் கோத்துத் தைத்தனர். ஐரோப்பியர் முதுகில் தடித்த கயிறுகளைக் குறுக்கே வைத்து அவற்றோடு சேர்த்துத் தைப்பர். ஆகவே அந்நாட்டுப் பழைய நூல்களின் முதுகில் மேடுகள் தெரியும். நம் நூல்களின் முதுகு வழுவழுப்பாக, தட்டையாக இருந்தது. ஒவ்வொரு கட்டின் மடிப்பிலும் ஓர் இழை தங்கும். நாற்பது கட்டு உள்ள முஸ்ஹஃபில் நாற்பது இழைத் தடிப்பு முதுகில் சேரும். தடித்த நூலைத் தேர்ந்தால் முதுகு வீங்கி, முன்பக்கம் குறுகி, நூல் ஆப்புபோல் ஆகிவிடும். மிக மெலிந்த நூலோ காகிதத்தை அறுக்கும். முதுகின் மேலும் கீழும் இரு நிறப் பட்டால் பின்னிய தலைக்கட்டு அழகுக்கு மட்டும் அன்று. அட்டைக்கும் தாளுக்கும் இடையே இழுவிசையைத் தாங்குவதும் அதன் வேலை.

இன்னொன்றையும் கவனிக்கலாம். பழைய முஸ்ஹஃப்களின் அட்டை தாளின் அளவுக்குச் சரியாகவே இருக்கும், வெளியே நீளாது. இடப்பக்க அட்டையிலிருந்து ‘லிஸான்’, அதாவது நாக்கு எனப்படும் மடல் ஒன்று நீண்டு, தாள்களின் ஓரத்தை மூடி மேலட்டையின் அடியில் செருகிக்கொள்ளும். தூய்மையுற்றோரே குர்ஆனைத் தொடுவர் என்னும் கருத்துடைய வசனத்தை அந்த மடலில் பொறிப்பது வழக்கம். அந்நூல்கள் அலமாரியில் படுக்கவைக்கப்பட்டன. இன்று நாம் அவற்றை நிற்கவைக்கிறோம். நிற்கும் நூலில் தாள்களின் எடை முழுதும் தையலைக் கீழ்நோக்கி இழுக்கிறது. நம் பள்ளிவாசல் முஸ்ஹஃப்களின் முதுகு பிரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நூலைத் துளைக்குள் செலுத்துவதிலும் ஒரு ஃபிக்ஹுப் பிரச்சினை இருந்தது என்றால் நம் பிள்ளைகள் வியப்பார்கள். செருப்புத் தைப்போர் முற்காலத்தில் ஊசிக்குப் பதிலாக, நூலின் நுனியில் பன்றியின் விறைத்த முடியைப் பிணைத்துத் துளையில் செலுத்துவது பல நாடுகளில் வழக்கம். முஸ்லிம் தோல் தைப்பவர் அதைப் பயன்படுத்தலாமா? 12ஆம் நூற்றாண்டின் ஹனஃபீ நூலான ‘ஹிதாயா’ இதைப் பேசுகிறது: தையல் தொழிலின் நிர்ப்பந்தத்துக்காக அனுமதி உண்டு என்ற கருத்தைப் பதிவு செய்கிறது. மாற்றுக் கருவிகள் பெருகிய பின், அந்த நிர்ப்பந்தம் இப்போது இல்லை என்று பிற்கால அறிஞர்கள் எழுதினர். ஒரு செருப்புத் தைப்பவரின் ஊசி நுனிவரை நம் இமாம்கள் குனிந்து பார்த்திருக்கிறார்கள்!

பசைக்கும் அட்டைக்கும் வருவோம். மரப்பலகை போய், பயன்பட்ட காகிதத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கஞ்சியில் ஒட்டி உலர்த்திய அட்டை வந்தபோது, கட்டுநரின் தக்வாவுக்கே ஒரு சோதனை வந்தது. அந்தக் கழிவுத் தாளில் என்ன எழுதியிருக்கிறது? 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மாலிகீ அறிஞர் இப்னுல் ஹாஜ், தம் ‘அல்-மத்ஃகல்’ நூலில் ஒவ்வொரு தொழிலாளியின் நிய்யத்தையும் ஒழுக்கத்தையும் பேசும்போது நூல் கட்டுநருக்கும் தனி இடம் தருகிறார். அட்டைக்குள் வைக்கும் தாளை முதலில் பார்க்க வேண்டும். அதில் குர்ஆன் வசனமோ ஹதீஸோ அல்லாஹ்வின் பெயரோ மலக்குகள், நபிமார்களின் பெயர்களோ இருந்தால் அதைப் பயன்படுத்தலாகாது என்பது அவர் கூறும் கருத்து. தாள்களின் வரிசை மாறிவிடாமல் காப்பதும் அமானிதம். எல்லாரும் அவர் சொல்லைக் கேட்டுவிடவில்லை என்பது வேறு கதை. பழைய அட்டைகளைப் பிரித்த ஆய்வாளர்களுக்கு எழுதப்பட்ட தாள்கள் உள்ளே கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

ஃபெஸ் நகரில் ஹிஜ்ரி 1029இல், அதாவது 1619இல், அஹ்மத் அஸ்-ஸுஃப்யானீ மூன்றாவது கையேட்டை எழுதினார். அந்நாட்டில் கட்டுமானத்துக்கு ஏற்றது ஆட்டுத் தோல். தாஃபிலால்த் வட்டாரத்தில் தமரிஸ்க் செடியின் கட்டிகளில் ஊறும் துவர்ப்பால் அதைப் பதனிட்டனர். ஐரோப்பியர் அந்தத் தோலுக்கு ‘மொரோக்கோ’ என்றே பெயரிட்டனர். பிரெஞ்சு மொழியில் தோற்பொருள் தொழில் முழுவதற்குமே ‘மரோக்கினெரி’ என்று பெயர். குர்துபாவின் தோலால் ‘கார்டோவன்’ என்ற சொல்லும், அதிலிருந்து ஆங்கிலத்தில் செருப்புத் தைப்பவருக்கு ‘கார்ட்வெய்னர்’ என்ற சொல்லும் வந்தன.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். இங்கே சற்றுக் கசப்பான ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணத்திலிருந்து ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல்கள் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குச் சென்றன. அவ்வணிகத்தில் நம் லெப்பை, ராவுத்தர் குடும்பங்களும் உர்தூ பேசும் வட ஆற்காட்டுக் குடும்பங்களும் முன்னணியில் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ், அந்த வருவாயிலிருந்து பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் கல்லூரிகளும் எழுந்தன. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கியது. ஆனால் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்களும், மயிரும் சதையும் சுரண்டியவர்களும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். இந்த மண்ணின் சாதி வழக்கம் தோலைத் தொடுவோருக்குச் சூட்டிய இழிவை நாம் வாயால் மறுத்தோம். நடைமுறையில் நாம் கணக்குப் பிள்ளையின் திண்ணையில் அமர்ந்தோம். குத்தூசி பிடிப்பது நம் பிள்ளைக்குரிய வேலை அன்று என்று நினைத்த வீடுகள் நம்மிலும் இருந்தன, இருக்கின்றன. அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் பெயரைப் பெண் பிள்ளைகளுக்குச் சூட்டிய வீடுகளும் அவற்றில் உண்டு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் மதராஸ் அரசின் சார்பில் குரோம் உப்பால் பதனிடும் முறையைச் சோதித்தார். பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய வேலையை அது மிகக் குறுகிய காலத்தில் முடித்தது. 1970களில் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய பின், பாலாற்றுக் கரை டேனரிகளில் குரோம் முறை வேகமாகப் பரவியது. அதனால் ஆற்று நீருக்கும் நிலத்துக்கும் நேர்ந்தது 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை சென்றது. அது தனிக் கட்டுரைக்குரியது. நம் பொருளுக்கு வேண்டியது ஒன்றே: குரோம் தோலில் முத்திரை நில்லாது. ஈரமாக்கி இரும்பை அழுத்தினாலும் சிறிது நேரத்தில் தோல் பழையபடி எழும்பிவிடும். பட்டையால் பதனிட்ட தோல்தான் ஈரத்தில் இளகி, பதித்த வடிவத்தை உலர்ந்த பின்னும் காக்கும். சீவுவதற்கும் அதுவே இணங்கும். இப்னு பாதீஸும் இஷ்பீலீயும் கையாண்டது அந்தத் தோலைத்தான்.

ஆகவே இன்று ஒரு மத்ரஸாவோ ஒரு குடும்பமோ இந்தப் பணியைத் தொடங்க விரும்பினால், இணையத்தில் விற்கும் அறுபது கருவிப் பெட்டியை நாம் பரிந்துரைக்க மாட்டோம். அதில் பாதி தோற்பை செய்வோருக்கானது, மீதி பெட்டியை நிரப்புவதற்கானது. மலிவுக் கத்தி பத்து இருப்பதைவிட நல்ல எஃகில் ஒரே ஒரு தோல் சீவும் கத்தியும் அதைத் தீட்டச் சாணைக்கல்லும் போதும். கல்பலகைக்கு, வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிய மார்பிள் அல்லது கிரானைட் துண்டே ஆகும். மெல்லிய குத்தூசி, மழுங்கிய முனையுள்ள சில ஊசிகள், இரும்பு அடிக்கோல், மடிப்பை அழுத்த எலும்பு அல்லது வழவழப்பான மூங்கில் தகடு, இரு பலகையும் நான்கு திருகு கவ்விகளும் கொண்ட அழுத்தி. முத்திரை பதிக்கும் ஆசை வரும்போது ஒரு கொட்டாப்புளியும் ஓரிரு முத்திரைகளும் வாங்கிக்கொள்ளலாம்; முதல் ஆண்டில் அவை வேண்டா.

நூலுக்குப் பட்டு கிடைத்தால் நல்லது. இல்லையேல் லினன் நூல். கட்டில் 18/3, 25/3 என்று எண் போட்டிருக்கும். பின்னெண் எத்தனை இழை முறுக்கியது என்பதையும், முன்னெண் இழையின் நுண்மையையும் காட்டும். முன்னெண் ஏற ஏற நூல் மெலியும். தடித்த தாளும் குறைந்த கட்டுகளும் உள்ள நூலுக்கு 18/3, மெல்லிய தாளில் பல கட்டுகள் உள்ள முஸ்ஹஃபுக்கு 25/3. தேன்மெழுகுக் கட்டியில் ஒருமுறை இழுத்துவிட்டால் சிக்காது. நைலான் நூலை நாம் தவிர்க்கச் சொல்கிறோம். அது அறுவதில்லை, அதன் இடத்தில் காகிதம் அறுந்துவிடுகிறது. பசைக்கு மைதாக் கஞ்சி. பிளாஸ்டிக் வெள்ளைப் பசை உலர்ந்தபின் தண்ணீரில் பிரியாது. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து இதே முஸ்ஹஃபைப் பழுது பார்க்கப் போகிறவருக்கு நாம் வழி விட்டுவைக்க வேண்டுமல்லவா? கஞ்சியைப் பூச்சி அரிக்கும் என்று கடைகளில் மயில்துத்தம் கலப்பார்கள். வீட்டிலும் மத்ரஸாவிலும் பிள்ளைகளின் கைபடும் இடத்தில் அது வேண்டா. வேண்டிய அளவு மட்டும் அன்றன்று காய்ச்சிக்கொள்வதே நலம்.

தோல் வாங்கும்போது எந்த விலங்கின் தோல், எதில் பதனிட்டது என்று இரண்டையும் கேட்க வேண்டும். பதனிடுதல் தோலைத் தூய்மையாக்கும் என்பதில் பன்றித் தோல் அடங்காது. ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் தோலும் அடங்காது. மலிவான உள்ளுறைத் தோலில் மயிர்த்துளைகள் மும்மூன்றாகச் சேர்ந்து தெரிந்தால் அது பன்றித் தோல் என்பதற்கு அடையாளம். முஸ்ஹஃபுக்கு ஏற்றது பட்டையில் பதனிட்ட, ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாத ஆட்டுத் தோல்.

அந்த ஆட்டுத் தோல் ஒவ்வொரு பக்ரீதிலும் நம் வாசலிலேயே கிடக்கிறது. உரித்தவருக்கு அதைக் கூலியாகக் கொடுக்கலாகாது என்று அலீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் இட்ட கட்டளையை நாம் அறிவோம். விற்ற காசைத் தாமே வைத்துக்கொள்வதும் கூடாது. தர்மமாகக் கொடுக்கலாம்; குர்பானி கொடுத்தவரே பதனிட்டுப் பயன்படுத்தவும் அனுமதி உண்டு. நேர்ச்சையான குர்பானிக்குச் சட்டம் வேறு என்பதால் அதை ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருகாலத்தில் மத்ரஸாக்களின் ஆண்டுச் செலவில் ஒரு பகுதியைத் தாங்கிய குர்பானித் தோல், விலை சரிந்த ஆண்டுகளில் ஏற்றிச் செல்லும் வண்டி வாடகைக்கே போதாமல், பல ஊர்களில் குழி தோண்டிப் புதைக்கப்பட்டது. அவற்றுள் பத்துத் தோலை மட்டும் உடனே உப்பிட்டு வைத்து, பட்டையில் பதனிடும் டேனரி ஒன்றில் கொடுத்து வாங்கினால், ஒரு மஹல்லாவின் அலமாரியில் முதுகு பிரிந்து கிடப்பவற்றுள் பெரும்பகுதிக்குப் போதும். ஒரு சிறு ஆட்டுத் தோலில் நடுத்தர அளவு முஸ்ஹஃப் இரண்டு மூன்றுக்கு மேலுறை வெட்டலாம்.

முதல் தையலை முஸ்ஹஃபில் போட வேண்டா. பள்ளிப் பிள்ளையின் பழைய குறிப்பேட்டைப் பிரித்து, மடித்து, பத்துமுறை தைத்துப் பார்க்கட்டும். அட்டைக்குள் வைக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கமும் அப்போதே வந்துவிடும்.